நெல்லைச் சீமை ஆட்டங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பங்குனி பிறந்துவிட்டால் என் கைபேசிக்கு ஓய்வு கிடையாது. பாளையங்கோட்டையில் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஆடத் தெரியாது, பாட்டும் வராது. முப்பது ஆண்டுகளாகக் கொடை என்கிற ஊர்க்கோயில் திருவிழா ஒவ்வொன்றாகத் திரிந்ததில் கதை பாடும் அண்ணாவிகளும் மேளக்காரர்களும் பழக்கமாகிவிட்டார்கள். ஊர்க்காரர்கள் குழு பேசிவிடச் சொல்வார்கள். கல்லூரிப் பிள்ளைகள் சந்தேகம் கேட்பார்கள். சென்னையிலிருந்தும் துபாயிலிருந்தும் குலதெய்வத்தைத் தேடி வருகிறவர்கள், "எங்கள் கோயிலில் என்ன ஆட்டம் வைக்கலாம் அண்ணாச்சி?" என்பார்கள். சொன்னதையே சொல்லி வாய் வலித்துப்போனதால் எழுதி வைத்துவிட்டேன்.

நெல்லைச் சீமை என்று எதைச் சொல்கிறீர்கள்?

பழைய திருநெல்வேலி ஜில்லாவை. 1986-இல் தூத்துக்குடியும் 2019-இல் தென்காசியும் தனி மாவட்டங்களாயின. 1956 வரை திருவிதாங்கூரோடு இருந்த கன்னியாகுமரியையும் சேர்த்துத்தான் பேச வேண்டும். நாட்டார் தெய்வங்களான சுடலைமாடனுக்கும் இசக்கிக்கும் இரண்டுக்கும் நடுவிலுள்ள ஆரல்வாய்மொழிக் கணவாய் எந்தக் காலத்திலும் எல்லையாக இருந்ததில்லை.

இங்கே என்னென்ன ஆட்டங்கள் இருக்கின்றன?

கணியான் கூத்து, கரகாட்டம், தேவராட்டம், ஒயிலாட்டம், காவடி, கும்மி, கோலாட்டம், தெற்கே போனால் கம்பு தட்டி ஆடும் களியல், குலசேகரன்பட்டினத்துத் தசரா வேடங்கள். பொய்க்கால் குதிரை வருவதுண்டு, அது தஞ்சாவூர்ச் சரக்கு. வள்ளி கும்மியும் நம்முடையதுதானே என்று சிலர் கேட்கிறார்கள். இல்லை, அது கொங்கு நாட்டுடையது. 2024-இல் அதற்காகப் பத்மஸ்ரீ பெற்ற பத்திரப்பன் கோவைப் பக்கத்துக்காரர்.

பட்டியல் கேட்பவர்களுக்கு இது போதும். ஆனால் இந்தச் சீமையில் ஓர் ஆட்டத்தைப் பற்றி விசாரித்தால் கூடவே இரண்டு கேள்வி வரும்: எந்தச் சாமிக்கு? எத்தனை மணிக்கு? அவை தெரியாமல் சொல்கிற பதில் அரைப் பதில்தான்.

கணியான் கூத்து என்றால் என்ன?

கணியான் என்ற சிறு சமூகத்தார் நடத்தும் கூத்து. மகுடாட்டம் என்றும் பெயர். தமிழ்நாட்டில் இந்தச் சமூகம் பழங்குடியினர் பட்டியலில் இருக்கிறது. கதையைப் பாடி நடத்துகிறவர் அண்ணாவி. அவருக்குப் பின்பாட்டு ஒருவர், தாளத்துக்கு ஒருவர், மகுடம் அடிக்க இருவர், பெண் வேடம் கட்டி ஆடும் ஆண்கள் இருவர். ஏழு பேர் வந்தால் நிறைந்த குழு. பின்பாட்டுக்காரரே தாளமும் போட்டால் ஆறு பேர்.

மகுடம் என்பது வட்டமான மரச்சட்டத்தில் ஒரு பக்கம் மட்டும் தோல் போர்த்திய கருவி. பார்த்தவுடன் பறை என்றுதான் தோன்றும். குச்சி கிடையாது, மார்போடு சேர்த்துப் பிடித்துக் கையால் அடிப்பார்கள். இரண்டில் ஒன்று உச்ச மகுடம், மற்றது மந்த மகுடம். உச்சம் பேச, மந்தம் அதைத் தாங்கிக்கொண்டே போகும்.

முன்பு ஒரு முறை தாமிரபரணிக் கரையோரம் ஒரு மாடன் கோயிலுக்குப் போயிருந்தேன். இரவு பதினொரு மணி இருக்கும். கோயிலுக்குப் பின்னால் காய்ந்த தென்னோலையைக் கொளுத்தி ஒரு பெரியவர் மகுடம் காய்ச்சிக்கொண்டிருந்தார். தீயிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்து, தோசையைத் திருப்புவதுபோல் மெல்லச் சுற்றிக்கொண்டே இருப்பார். நடுநடுவே காதருகே கொண்டுபோய் விரலால் ஒரு தட்டு. சத்தம் அமுங்கி வந்தால் மறுபடி தீ. பக்கத்தில் வேடம் கட்டுகிற பையன் ஊக்குகளை உதட்டில் கவ்விக்கொண்டு சேலைக் கொசுவம் மடித்துக்கொண்டிருந்தான். சேலை முடிந்ததும் சலங்கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு காலில் கட்டினான். இரண்டு எட்டு வைத்துப் பார்த்தான். ஒரு மணி கழன்று உருண்டது. குனிந்து தேடி எடுத்து வேட்டி முடிச்சில் போட்டுக்கொண்டான். சேலைக்கு உள்ளே வேட்டி இருந்தது. பத்து நிமிடத்தில் அதே பையன் விளக்கு வெளிச்சத்தில் இடுப்பை ஒடித்து நின்றபோது முன்வரிசைக் கிழவிகள் வாயில் கைவைத்துச் சிரித்தார்கள்.

அண்ணாவி பாடும்போது ஆட்டக்காரர்கள் அவரைப் பார்த்தபடி முன்னும் பின்னுமாக மெல்ல அசைவார்கள். அடி முடிகிற இடத்தில் மகுடம் எகிறும், கால்களும் எகிறும். கேலி, கிண்டல், ஊர் வம்பு எல்லாவற்றுக்கும் இடமுண்டு. பாட்டு சுடலையைப் பற்றி இருக்கும்போதே நடுவில் பஞ்சாயத்துக் குழாயில் தண்ணீர் வராத கதையும் வந்துவிட்டுப் போகும்.

கணியான் தன் கையைக் கீறிச் சாமிக்கு இரத்தம் கொடுப்பார் என்கிறார்களே, உண்மையா?

உண்மை. கைவெட்டு என்று பெயர். சில கோயில்களில், குறிப்பாகச் சுடலைமாடன் கொடையில், குறித்த நேரத்தில் கையில் சிறிதாகக் கீறிச் சில சொட்டு இரத்தம் விடுவார்கள். அம்மன் வேடம் கட்டி ஆடும் அம்மன் கூத்து, வேதாளம் ஆட்டம், சாமிக்குச் சோற்றுருண்டையாகத் திரளை கொடுப்பது ஆகியவையும் கணியானின் சடங்குப் பொறுப்புகள். எல்லாக் கொடையிலும் எல்லாமும் நடக்காது.

ஒரு முறை தொலைக்காட்சியிலிருந்து வந்தவர்கள், வெயில் நன்றாக இருக்கும்போதே கைவெட்டை ஒருதரம் செய்துகாட்டச் சொன்னார்கள். அண்ணாவி கோபப்படவில்லை. "சாமி இப்போது தூங்குகிறது" என்றார். அவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

ஏன் விடிய விடிய நடக்கிறது? சுருக்க முடியாதா?

கொடைக்கு ஒரு நடை உண்டு. கால்நாட்டு, குடியழைப்பு, மாக்காப்பு, மதியக்கொடை, நள்ளிரவில் சாமக்கொடை, மறுநாள் மஞ்சள் நீராட்டு என்று ஊருக்கு ஊர் சிறு மாற்றத்தோடு போகும். கதை இந்த நடைக்குள் நடக்கிறது. தெய்வம் பிறக்கிற கட்டமோ, வெட்டுப்பட்டு விழுகிற கட்டமோ, வரம் வாங்குகிற கட்டமோ வரும்போதுதான், சாமி இறங்கி ஆடுகிறவரான சாமியாடிக்கு அருள் வரும். அதற்கென்றே வரத்துப் பாட்டு என்று ஒன்று இருக்கிறது. பாடுகிறவர் ஒரு கண்ணைச் சாமியாடியின் தோள் மேலேயே வைத்திருப்பார். தோள் லேசாகத் துடித்தால் பாட்டு வேகமெடுக்கும். அவர் இன்னும் வெற்றிலை மென்றுகொண்டு சும்மா உட்கார்ந்திருந்தால் கதை ஒரு சுற்றுச் சுற்றி வரும். இதை எப்படிச் சுருக்குவது?

சுடலையின் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளை வரம் கேட்ட பார்வதி விளக்கின் சுடரை முந்தானையில் ஏந்துகிறாள். அது வெறும் பிண்டமாகிறது, சிவன் உயிர் கொடுக்கிறார். அந்தப் பிள்ளை நள்ளிரவில் சுடுகாட்டுக்குப் போய்ப் பிணம் தின்கிறான். இனி கயிலாயத்தில் இடமில்லை என்று பூமிக்கு அனுப்பப்படுகிறான். இங்கே வந்த பிறகுதான் மீதிக் கதை, மலையாளத்து மந்திரவாதிகளோடு மோதுகிற கதை எல்லாம். பிள்ளை சுடுகாட்டுக்குப் போகிற பாட்டு சாமத்துக்கு வர வேண்டும். அந்த நேரத்தில்தான் சாமியாடி தீப்பந்தத்தோடு வேட்டைக்குப் புறப்படுவார், மெய்யான சுடுகாட்டை நோக்கி. எட்டு மணிக்கே அந்தக் கட்டத்தைப் பாடி முடித்துவிட்டால் சாமி எங்கே போகும்?

வில்லுப்பாட்டில் ஆட்டமே இல்லையே. அதை ஏன் ஆட்டங்களோடு சேர்க்கிறீர்கள்?

வில்லுக்காரர்கள் உட்கார்ந்துதான் பாடுகிறார்கள், சரி. மணிகள் கட்டிய நீண்ட வில், அதன் நடுவில் குடம், உடுக்கை, கட்டை, தாளம். நாணில் வீசுகோலை அடித்துத் தலைவர் பாட, குடத்தின் வாயில் மட்டையால் ஒருவர் அடிப்பார். ஆட்டம் எதிரே நடக்கிறது. வில்லு சாமியைப் பார்த்து வைக்கப்படுகிறது, பாட்டைக் கேட்டு ஆடுகிறவர் சாமியாடி. அம்மன் கோயிலில் வில்லும், மாடன் கோயிலில் கணியானும் என்று பொதுவாகச் சொல்வார்கள். இரண்டும் வைக்கிற ஊர்களும் உண்டு. அங்கே இரண்டு அண்ணாவிகளும் ஒருவர் மேல் ஒருவர் எறிகிற சொல்லைக் கேட்கத் தனிக் கூட்டம் வரும்.

கோயிலைவிட்டு வெளியே வில்லைக் கொண்டுபோனவர்களில் சுப்பு ஆறுமுகம் நெல்லை மண்ணைச் சேர்ந்தவர். 2021-இல் பத்மஸ்ரீ பெற்று மறு ஆண்டு காலமானார். அவரால்தான் வானொலி கேட்ட தமிழ்நாடு முழுவதற்கும் வில்லு தெரிந்தது. ஆனாலும் அரை மணி நேர மேடை வில்லை மட்டும் கேட்டவர்கள் பாதி வில்லைத்தான் கேட்டிருக்கிறார்கள்.

சாமியாட்டத்தை நடனம் என்று சொல்லலாமா?

சாமியாடியிடம் சொல்லிப் பாருங்கள்! கோமரத்தாடி என்றும் கொண்டாடி என்றும் அவரைச் சொல்வது வழக்கம். கச்சை, சல்லடம், தலையில் குல்லா, கையில் ஈட்டி போன்ற வல்லயமோ அரிவாளோ, உடம்பெல்லாம் சந்தனம். அந்த ஆட்டத்துக்கு அடவு கிடையாது, ஒத்திகை கிடையாது. ஆனால் பல கொடை பார்த்தவர்களுக்கு மாடன் வருகிற நடையும் இசக்கி வருகிற நடையும் தூரத்திலிருந்தே அடையாளம் தெரியும். இசக்கி வந்தால் தலைமுடி சுழலும். மாடன் வந்தால் நெஞ்சு நிமிரும், எட்டு அகலும்.

வடகேரளத்துத் தெய்யத்தோடு ஒப்பிட்டுக் கேட்கிறார்கள். ஒப்பிடலாம்: இறந்துபட்ட வீரனும் கொல்லப்பட்ட பெண்ணும் தெய்வமாவது இரண்டிலும் உண்டு. தெய்யத்தில் முகத்தில் எழுதும் முகத்தெழுத்துக்கும் தலையில் வைக்கும் முடிக்கும் மணிக்கணக்கில் நேரம் போகிறது, ஆளே மறைந்துவிடுகிறார். நம் சாமியாடியின் முகம் அப்படியே தெரியும். காலையில் பால் ஊற்றிய அதே பக்கத்து வீட்டுக்காரர் சாமத்தில் உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுத் திருநீறு தருகிறார். எனக்கு அதில்தான் நடுக்கம் அதிகம்.

தேவராட்டமும் ஒயிலாட்டமும் ஒன்றா?

இரண்டிலும் கையில் துணி இருப்பதால் வருகிற குழப்பம். தேவராட்டம் கம்பளத்து நாயக்கர் சமூகத்தின் ஆட்டம். தேவதுந்துமி என்ற தோற்கருவி முழங்க ஆடுவது, பாட்டு கிடையாது. சொல்ல வேண்டிய அத்தனையையும் கால்தான் சொல்லும். தூத்துக்குடி மாவட்டத்து ஜமீன் கோடாங்கிபட்டி இதற்குப் பேர்போனது. பாஞ்சாலங்குறிச்சியில் மே மாதம் நடக்கும் வீரசக்கதேவி விழாவுக்குப் போனால் பார்க்கலாம்.

ஒயிலாட்டத்தில் பாட்டு உண்டு. இராமாயணமோ வள்ளி திருமணமோ உள்ளூர்க் கதையோ வாத்தியார் பாட, வரிசையாக நின்று வண்ணத்துணியை வீசி ஆடுவார்கள். துணி வீச்சும் கால் திருப்பமும் ஒரே நொடியில் விழ வேண்டும். பன்னிரண்டு பேரில் ஒருவர் பிந்தினாலும் வரிசை முழுவதும் கோணலாகத் தெரியும். அந்தத் துணியைத் தேவராட்டக்காரர் கையில் கொடுத்து, "ஒயில் போலத்தானே, கொஞ்சம் பாட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள்" என்று சொன்ன விழாக் குழு ஒன்றை நான் அறிவேன். ஆட்டக்காரர்கள் சாப்பிட்டுவிட்டு ஊருக்குக் கிளம்பிவிட்டார்கள்.

கரகாட்டம் என்றாலே ஆபாசம் என்கிறார்களே?

சக்திக் கரகம் வேறு, ஆட்டக் கரகம் வேறு. ஆற்றிலோ கிணற்றிலோ நீர் எடுத்து, பூ சுற்றி, அருளோடு கோயிலுக்கு வருவது சக்திக் கரகம். கைத்திறன், கால்திறன் காட்டுவது ஆட்டக் கரகம். செம்பிலோ பித்தளையிலோ செய்த குடத்தில் அரிசி நிரப்பி எடை கட்டுவார்கள், உச்சியில் கிளி நிற்கும். கூட நையாண்டி மேளம்: நாதசுரம் இரண்டு, தவில் இரண்டு, பம்பை, தாளம். பாம்புபோல் நெளிந்து தரையில் படுத்துப் புரண்டு எழும்போதும் குடம் தலையைவிட்டு நகராமல் நிற்கிற ஆட்டக்காரரை நீங்கள் பார்த்திருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது.

ஆபாசம் எங்கே வந்தது என்றால், இரவு இரண்டு மணிக்குப் பணத்தாளை நீட்டிக்கொண்டு பாட்டு மாற்றச் சொன்ன கூட்டத்திடமிருந்து வந்தது. பழி குடம் சுமந்தவள் தலையில் விழுந்தது. கரகத்தோடு ஒட்டிக்கொண்டு நடந்த குறவன் குறத்தி ஆட்டத்தைத் தமிழக அரசு 2023-இல் தடை செய்தது. ஒரு சமூகத்தையே இழிவாகக் காட்டிய ஆட்டம் அது. போனது நல்லதுதான். அந்த வேடத்தில் வயிறு கழுவியவர்களுக்கு வேறு வேடம் கட்டக் கொஞ்ச காலம் பிடித்தது.

குலசை தசராவுக்கு யார் வேண்டுமானாலும் வேடம் போடலாமா?

போடலாம். குலசேகரன்பட்டினம் முத்தாரம்மனுக்கு நேர்ந்துகொண்டு, மாலை போட்டு விரதமிருந்து, காப்புக் கட்டி வேடம் போடுகிறார்கள். காளி, குரங்கு, ராஜா, போலீஸ், பிச்சைக்காரர் என்று மனத்தில் தோன்றியதெல்லாம் வேடம்தான். செட்டுச் செட்டாக ஊர் ஊராகப் போய் ஆடிக் காணிக்கை வாங்கிக் கோயில் உண்டியலில் சேர்ப்பார்கள். பத்தாம் நாள் இரவு கடற்கரையில் சூரசம்ஹாரம். காளி வேடத்துக்கு மட்டும் விரதம் கடுமை. சடைமுடியும் கூடுதல் கைகளும் மரக்கிரீடமும் சேர்ந்து கழுத்தை இறக்கிவிடும் கனம்.

வேன் மேல் ஒலிபெருக்கி கட்டிச் சினிமாக் குத்துப்பாட்டுக்கு ஆடுவது பற்றிய வழக்குகள் மதுரை உயர் நீதிமன்றக் கிளை வரை போயின. எனக்குப் பிடித்த வேடம் அந்தக் கூட்டத்தில் எதிலும் சேராது. ஆண்டுதோறும் கிழிந்த சட்டையோடு திருவோடு ஏந்தி வருகிற ஒரு வியாபாரி. ஊரில் அவருக்கு இரண்டு கடை. பத்து நாளும் தெரிந்தவர் வாசலிலேயே போய் நின்று கை நீட்டுவார், ஒரு வார்த்தை பேச மாட்டார்.

காவடிக்கும் நெல்லைக்கும் என்ன தொடர்பு?

திருச்செந்தூர் இருக்கிறது, கழுகுமலை இருக்கிறது. வேறென்ன வேண்டும்? காவடிச் சிந்து பாடிய அண்ணாமலை ரெட்டியார் இன்றைய தென்காசி மாவட்டத்துச் சென்னிகுளத்துக்காரர். ஊற்றுமலை ஜமீன்தாரின் ஆதரவில் இருந்தவர், கழுகுமலை முருகனைப் பாடியவர், முப்பது வயது தாண்டாமல் இறந்தவர். அந்தச் சந்தத்தை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே நடந்து பாருங்கள். கால் தானாகத் துள்ளும். தோளில் காவடி இருந்தால் மயிற்பீலியும் சேர்ந்து துள்ளும்.

பெண்கள் ஆடுவதில்லையா?

கணியான் கூத்தில் பெண் வேடம் ஆண்களுடையது. ஒயிலும் தேவராட்டமும் ஆண்கள் ஆட்டமாக இருந்தவை. இன்று ஒயிலில் பெண்கள் குழுக்கள் நிறைய. கும்மியும் முளைப்பாரியும் தொடக்கம் முதலே பெண்களுடையவை. நவதானியத்தை இருட்டறையில் முளைக்க வைத்து, இரவில் அதைச் சுற்றிக் கும்மியடித்து, கடைசி நாள் தலையில் சுமந்துபோய் ஆற்றில் கரைப்பார்கள். முளை வெளிறாமல் அடர்ந்து வந்தால் அந்த ஆண்டு மழைக்குக் குறைவில்லை என்பது ஆச்சிமார் கணக்கு. வில்லில் தலைமை தாங்கிப் பாடிய பெண்களும் உண்டு. குமரிப் பக்கத்துப் பூங்கனி அதில் பெரிய பெயர்.

சாமியாடும் பெண்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஆண்டு முழுக்க மாமியாருக்கு எதிரே உட்காராத மருமகள், இசக்கி வந்த நொடியில் மாமனாரைப் பார்த்து "ஏண்டா" என்பாள். அவர் கைகட்டி நிற்பார்.

பரதநாட்டியத்துக்கும் இவற்றுக்கும் என்ன வேறுபாடு?

நடராசரின் ஐந்து சபைகளில் இரண்டு இந்தச் சீமையில்தான் இருக்கின்றன: நெல்லையப்பர் கோயிலில் தாமிர சபை, குற்றாலத்தில் சித்திர சபை. ஆடுகிற சாமி கூரைக்குக் கீழே இருக்கிறது. அதன் பிள்ளை சுடலை திறந்த வெளியில் வெறும் மண் பூடமாக, அதாவது பீடமாக, நிற்கிறது. வேறுபாட்டை இதைவிடத் தெளிவாக எனக்குச் சொல்லத் தெரியாது.

பஞ்சாபின் பாங்க்ரா, குஜராத்தின் கர்பா எல்லாருக்கும் தெரிகிறது. நம் ஆட்டங்கள் ஏன் தெரியவில்லை?

பாங்க்ராவும் கர்பாவும் கூட்டமாகச் சேர்ந்து யாரும் ஆடக்கூடியவை. ஊரைவிட்டுப் போனவர்களோடு கூடவே போயின. கணியான் கூத்து அப்படிப் போகாது. அதற்குச் சாமி வேண்டும், சாமியாடி வேண்டும், கதை தெரிந்த கேட்பாளர்கள் வேண்டும். யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் கிழக்கிந்தியாவின் சௌ நடனமும் ராஜஸ்தானத்துக் கல்பேலியாவும் கேரளத்து முடியேற்றும் 2010-இல் சேர்ந்தன. கர்பா 2023-இல் சேர்ந்தது. நம் பக்கத்து ஆட்டம் எதுவும் அதில் இல்லை. சேர்ந்தால் மகிழ்ச்சி. சேராவிட்டாலும் ஆடிக் கடைசி வெள்ளிக்குக் குழு கிடைக்காது, இப்போதே சொல்லிவைக்க வேண்டும்.

பள்ளி ஆண்டு விழாவுக்குப் பத்து நிமிடத்தில் எதை வைக்கலாம்?

கும்மி, கோலாட்டம், களியல், ஒயில். தினமும் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் மூன்று வாரத்தில் ஒரு ஒயில் பாட்டுக்குப் பிள்ளைகளைத் தயார் செய்யலாம். துணியைக் கொஞ்சம் நனைத்துக் கொடுங்கள், வீச்சு நன்றாக விழும்.

கணியான் கூத்தைப் பத்து நிமிடத்துக்கு வைக்காதீர்கள். இந்தத் தவற்றை நானே செய்திருக்கிறேன். நான் வேலை பார்த்த பள்ளியின் விழாவுக்கு ஒரு குழுவை அழைத்து வந்தேன். முக்கிய விருந்தினர் பிந்தியதால் பதினைந்து நிமிடம் ஏழு நிமிடமானது. அண்ணாவி கணபதிக்குப் பாடி, சபைக்கு வணக்கம் சொல்லி, கதையின் வாசலில் கால் வைத்தார். விளக்கை அணைத்துவிட்டார்கள். ஒலிவாங்கி அடைத்த பிறகும் மகுடக்காரர் கை நிற்காமல் நாலு அடி அடித்தது. அந்த நாலு அடி இன்னும் என் காதில் இருக்கிறது. பேசிய பணத்தைக் கொடுத்தபோது, "இதில் பாதி போதும் சார், பாதிகூடப் பாடவில்லையே" என்றார் அண்ணாவி. முழுதையும் வாங்கிக்கொள்ள வைக்க எனக்கு அரை மணி நேரம் ஆயிற்று.

எப்போது, எங்கே வந்தால் பார்க்கலாம்?

பங்குனி உத்திரத்தன்று சாஸ்தா கோயில்கள் நிரம்பும். சித்திரையிலிருந்து ஆவணி வரை செவ்வாய், வெள்ளிகளில் எங்காவது ஒரு கொடை இருந்தே தீரும். சீவலப்பேரி, ஆறுமுகமங்கலம் சுடலைமாடன் கோயில்கள் பெரியவை. ஆடி அமாவாசைக்குப் பாபநாசம் மலைமேல் காரையாற்றுச் சொரிமுத்து அய்யனார் கோயில். அந்தணனாகப் பிறந்து, அருந்ததியர் குலத்துப் பொம்மக்காவையும் திம்மக்காவையும் மணந்து, மாடு காக்கப் போய் வெட்டுப்பட்ட முத்துப்பட்டன் அங்கேதான் இருக்கிறான். அவனுக்குச் செருப்பைக் காணிக்கையாகக் கட்டித் தொங்கவிடுவார்கள். புரட்டாசி, ஐப்பசியில் குலசை.

ஆனால் பெரிய கோயிலைவிட நாற்பது வீட்டு ஊரின் கொடைக்குப் போங்கள். கூட்டத்தில் மாட்டிக்கொள்ளாமல் மகுடத்துக்கு ஆறடி தள்ளி உட்காரலாம். நோட்டீஸ் ஒட்டியிருப்பதைப் பார்த்தே போகலாம், அழைப்பு வேண்டாம். சாமிக்குப் படைத்த படப்புச் சோறு உறுதி.

படம் எடுக்கலாமா?

கூத்தை எடுக்கலாம், அண்ணாவியிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு. சாமியாடியின் முகத்துக்கு நேரே வெளிச்சம் அடிக்கக் கூடாது. சாமியாடி வேட்டைக்குப் புறப்பட்டால் அவர் பின்னால் போகவே கூடாது. ஊர்க்காரர்களே வீட்டுக் கதவைச் சாத்திவிடும் நேரம் அது.

கற்றுக்கொள்ள எங்கே போவது?

நாதசுரம், தவில் போன்றவற்றுக்கு மாவட்ட அரசு இசைப் பள்ளி இருக்கிறது. படிப்பாக, ஆய்வாகப் போக வேண்டுமானால் பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியில் நாட்டார் வழக்காற்றியல் துறை நெடுங்காலமாக இயங்குகிறது. இந்தக் கதைப்பாடல்களை அச்சில் கொண்டுவர முதலில் பாடுபட்டவர்களில் ஒருவரான நா. வானமாமலை நாங்குநேரியில் பிறந்து பாளையங்கோட்டையில் வாழ்ந்தவர். ஆட்டம் மட்டும் வேண்டுமென்றால் ஓர் ஆசானிடம் போய் நின்றாக வேண்டும். முதல் மாதம் டீ வாங்கி வரச் சொல்வார். போய் வாங்கி வாருங்கள்.

கலைஞர்களுக்கு அரசு உதவி உண்டா?

நாட்டுப்புறக் கலைஞர்கள் நலவாரியம் 2007-இல் தொடங்கியது. அதில் பதிவது அவசியம், அட்டை இல்லாமல் எதுவும் நடக்காது. மாவட்ட விருதுகள் வயதுவாரியாக ஐந்து: கலை இளமணி, கலை வளர்மணி, கலைச்சுடர்மணி, கலை நன்மணி, கலை முதுமணி. விண்ணப்பம் நிரப்பத் தெரியாமல் விட்டவர்களே அதிகம். எனக்குத் தெரிந்தவர்களுக்கு நானே நிரப்பிக் கொடுக்கிறேன்.

குழு பேசும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

வெற்றிலை பாக்கோடு அச்சாரம் கொடுத்தால்தான் தேதி உறுதி. எந்தச் சாமி, எத்தனை பூடம், எந்தக் கதை வேண்டும், சாமக்கொடை எத்தனை மணிக்கு என்பதை அப்போதே சொல்லிவிடுங்கள். அண்ணாவிக்கு உங்கள் கோயிலின் தலவரலாறு தெரியாமல் இருக்கலாம். ஊர்ப் பெரியவர் ஒருவரை அவரோடு அரை மணி நேரம் உட்கார வையுங்கள். வேடம் மாற்றக் கதவுள்ள ஓர் அறை, ஒரு கண்ணாடி, மகுடம் காய்ச்ச ஓலை, இரவு ஒரு மணிக்குச் சுடச்சுடக் கட்டன்காப்பி. ஒலிபெருக்கிக்காரர் மகுடத்துக்கு நேரே ஒலிவாங்கியை வைத்தால் அண்ணாவி குரல் கேட்காது, ஒரு முழம் தள்ளி வைக்கச் சொல்லுங்கள்.

சின்னப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வரலாமா?

தாராளமாக. ஒரு ஜமுக்காளம், ஒரு போர்வை, கொசுவத்தி எடுத்து வாருங்கள். பத்து மணிக்குத் தூங்கிவிடுவார்கள், தூங்கட்டும். சாமக்கொடைக்கு நீங்கள் எழுப்ப வேண்டியதில்லை. உச்ச மகுடம் ஒரு தட்டுத் தட்டியதும் கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்து, "யாரு வந்திருக்கா?" என்று கேட்பார்கள். பதிலை மட்டும் தயாராக வைத்திருங்கள்.